நோய் இல்லாத வீட்டில் செவிலியருக்கு என்ன வேலை?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கிறார். சமுதாய சுகாதார செவிலியம் என்ற பாடத்துக்கான களப்பயிற்சிக்காக அவரை ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நர்ஸம்மாவோடு வீடு வீடாக நடப்பதிலும் பதிவேடு எழுதுவதிலுமே பொழுது போய்விடுகிறது என்றும், ஆஸ்பத்திரி வார்டில் கற்கும் அளவுக்கு இதில் கற்க ஒன்றும் இல்லை என்றும் மகள் குறைபட்டுக்கொள்கிறாராம். இந்தப் பாடத்தின் அடிப்படைதான் என்ன, நோய்த்தடுப்பு உண்மையிலேயே பலன் தருகிறதா என்று தந்தை கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நோயே இல்லாதவர் வீட்டுக்குச் செவிலியர் எதற்காகப் போக வேண்டும் என்பது ஒன்று. வராமல் போன நோயை யாரும் பார்த்ததில்லை என்னும்போது, அதைத் தடுத்தது இந்த வேலைதான் என்று எதை வைத்துச் சொல்வது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி கடினமானது. எங்கள் துறைக்குள்ளேயே பலர் அதை நேராக எதிர்கொள்வதில்லை.

நான் கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்து, பிறகு பகுதி சுகாதார செவிலியராக மேற்பார்வைப் பணி செய்து, இப்போது செவிலிய மாணவியருக்குக் களப்பயிற்சி தருகிறேன். என் அனுபவம் முழுவதும் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளைச் சேர்ந்தது. மாநகராட்சிகளில் குடும்பங்கள் அடிக்கடி வீடு மாறுவதாலும் தனியார் மருத்துவமனைகளை அதிகம் நாடுவதாலும் வேலை நடக்கும் முறை வேறாக இருக்கிறது. அதைப் பற்றி என்னைவிட அங்கே பணியாற்றியவர்கள் நன்றாகச் சொல்வார்கள். மேலும், நான் மருத்துவர் அல்லள். ஆகவே சிகிச்சை பற்றிக் கீழே வரும் செய்திகளைப் பொதுத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செவிலியரின் பொறுப்பு வார்டில் வந்து படுத்தவரோடு தொடங்குகிறது. துணை சுகாதார நிலையத்துச் செவிலியருக்கோ ஒரு நிலப்பரப்பும் அதில் வாழும் அத்தனை பேரும் பொறுப்பு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடியினர் வாழும் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பதே துணை சுகாதார நிலையத்துக்கு நாடு முழுவதும் வகுக்கப்பட்ட அளவு. அந்த 5,000 பேரில் குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியர் எத்தனை, கர்ப்பிணிகள் எத்தனை, ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் எத்தனை, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எத்தனை என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். மகள் சலித்துக்கொள்ளும் அந்தப் பதிவேடுதான் இந்தத் தொழிலின் முதன்மையான கருவி. ஏனென்றால் வந்தவர்களை யாரும் எண்ணிவிடலாம், வராதவர்களை எண்ணுவதற்கு முழுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். சமுதாய சுகாதார செவிலியத்தின் அடிப்படை என்ன என்று என்னைக் கேட்டால், வர வேண்டியவர்களில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு வழி செய்வதே என்பேன். பாடநூலில் உள்ள மற்றவை எல்லாம் இதைச் செய்வதற்கான உத்திகள்.

இதை ஒரு கணக்கின் மூலம் விளக்குகிறேன். தமிழ்நாட்டில் 2020-இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 14 குழந்தைகள் பிறந்தன. அந்தக் கணக்கின்படி 5,000 பேர் வாழும் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 70 பிறப்புகளை எதிர்பார்க்கலாம். அவற்றில் 63 குழந்தைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் 90 மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான். ஆனால் தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுத்துவிடக் கூடும். அதனால் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் ஊருக்குள் அதன் பரவல் அறுபடும். அதாவது 63 போதாது, 67 வேண்டும். இடையில் இருப்பது நான்கே நான்கு குழந்தைகள். அந்த நான்கு பேரைத் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் உழைப்பு, முதலில் வந்த நாற்பது பேருக்கு ஆன உழைப்பைவிட அதிகமாக இருக்கும்.

விடுபட்ட அந்த ஏழு குழந்தைகள் ஊரில் ஆங்காங்கே சிதறி இருப்பதில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய அடுத்த செய்தி. அவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே வகையான வாழ்க்கைச் சூழலில் இருப்பார்கள். செங்கல் சூளைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கக்கூடும். சூளை வேலை நடக்கும் காலத்தில் கூலியை விட்டுவிட்டு புதன்கிழமை காலையில் தடுப்பூசிக்கு அவர்களால் வர முடியாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் குழந்தை இன்னொன்று. பிறந்தது ஒரு பகுதியில், வளர்வது வேறொரு பகுதியில் என்பதால் இரண்டு செவிலியர்களும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பார்கள். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துத் தாயையும் சேயையும் பின்தொடரும் பிக்மி என்ற கணினிப் பதிவு முறை தமிழ்நாட்டில் வந்ததற்கு இத்தகைய விடுபடல்களும் ஒரு காரணம். முதல் தவணைக்குப் பிறகு இரவெல்லாம் காய்ச்சலில் அழுத பேரனைப் பார்த்துப் பயந்துபோன பாட்டி, அடுத்த தவணைக்குத் தூக்கிப் போக விடாமல் தடுத்தது மற்றொரு வீட்டில் நடந்திருக்கும். இவர்கள் எல்லாரையும் அறியாமை என்ற ஒரே சொல்லில் அடக்குவது எனக்கு உடன்பாடு இல்லை. சூளைக் குழந்தைக்குத் தேவை வேறொரு நேரமும் இடமும். தாய்வீட்டுக் குழந்தைக்குத் தேவை இரண்டு செவிலியர்களுக்கு இடையே ஒரு தொலைபேசி அழைப்பு. பாட்டிக்குத் தேவை, காய்ச்சல் எதனால் வந்தது, அடுத்த முறை வந்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஒருவர்.

நோய்த்தடுப்பில் மூன்று நிலைகள் உண்டு என்று பாடநூலில் இருக்கும். மாணவியர் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஒரே நோயை வைத்துப் பார்த்தால் அது எளிதில் விளங்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிராகச் சிறுமியருக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது முதல் நிலை. முப்பது வயதைக் கடந்த பெண்களிடம் புற்றாக மாறுவதற்கு முந்தைய மாற்றங்களைத் தேடிக் கண்டு உடனே சிகிச்சை தருவது இரண்டாம் நிலை. நோய் வந்துவிட்டவருக்குச் சிகிச்சையும் வலிநிவாரணமும் தந்து முடிந்தவரை வாழ்க்கையை மீட்டுத் தருவது மூன்றாம் நிலை. இந்த நோயை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. செவிலியர் செய்யும் தடுப்புப் பணி உயிரைக் காக்கிறது என்பதற்கு உலகம் மேற்கோள் காட்டும் சான்றுகளில் ஒன்று நம்முடைய திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது.

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஆய்வில், மாவட்டத்தின் 114 பகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை பரிசோதனை செய்தார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்துப் போகும் பகுதி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. மற்ற 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதிகள் மட்டும் தொடர்ந்தன. 2007-இல் வெளிவந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி, தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர்தான் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரவில்லை. அந்த வராதவர்களையும் கணக்கில் சேர்த்தே 35 சதவீதம் என்ற எண் வந்தது. அவர்களும் வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, பதிவேட்டில் பெயருக்கு நேரே காலியாகக் கிடக்கும் கட்டத்தை என்னால் அலட்சியமாகப் பார்க்க முடிவதில்லை.

தந்தையின் இரண்டாவது கேள்விக்கான விடையும் இந்த ஆய்வின் அமைப்பிலேயே இருக்கிறது. தடுக்கப்பட்ட நோயை ஒரு தனிமனிதரிடம் காட்ட முடியாது. இன்ன பெண்ணுக்குப் புற்றுநோய் வந்திருக்கும், நான் தடுத்தேன் என்று எந்தச் செவிலியராலும் சொல்ல இயலாது. ஒன்றுபோல இருக்கும் இரண்டு மக்கள் கூட்டங்களை எடுத்து, ஒன்றில் பணியைச் செய்து, மற்றொன்றில் செய்யாமல், சில ஆண்டுகள் கழித்து இரண்டையும் எண்ணிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஆகவே எண்ணிக்கை தெரியாமல் இந்தத் தொழிலில் பலனைப் பற்றிப் பேசவே முடியாது. மாணவியருக்குப் புள்ளியியலும் தொற்றுநோயியலும் பாடத்திட்டத்தில் வைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு சான்று இதைவிடப் பழையது. காசநோய் வந்தவரைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதே ஒரு காலத்தில் மருத்துவ வழக்கமாக இருந்தது. அத்தனை பேருக்கும் படுக்கை தர எந்த அரசாலும் முடியவில்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், அன்றைய மதராஸ் மாநில அரசும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சானடோரியத்திலும் மறு பாதியினருக்கு வீட்டிலேயும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் 1959-இல் வெளியான முடிவில் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் தந்திருந்தது. வீட்டில் உடன் இருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு நகர்ந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே நிறுவனம் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. அங்கே வீட்டுச் சிகிச்சை வென்றது, மருந்தைக் கொடுத்துவிட்டு அனுப்பியதால் மட்டும் அன்று. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், மருந்து உடலில் சேர்ந்திருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள், வராதவரைத் தேடிப் போனார்கள். இப்போது சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும் என்றாலும், சிக்கல் அதேதான்: சில வாரங்களில் இருமல் குறைந்து பசி எடுத்ததும், குணமாகிவிட்டது என்று நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் கண்டறியப்பட்டவரின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, பிடிப்பில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பனவற்றைப் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இவற்றைச் சோதிப்பதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற கண்ணும் கையும் வேண்டும்.

வீட்டுப் பார்வை என்று நாங்கள் சொல்வதற்கு ஒரு முறைமை உண்டு. பையைக் கீழே வைக்கும் முன் செய்தித்தாளை விரிப்பது, பையைத் திறக்கும் முன் கை கழுவுவது, பச்சிளங்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலிலும் தொற்று நோயாளி உள்ள வீட்டுக்குக் கடைசியிலும் போவது ஆகியவை சடங்குகள் போலத் தோன்றும். செவிலியரே ஒரு வீட்டின் கிருமியை அடுத்த வீட்டுக்குச் சுமந்து போய்விடக் கூடாது என்பதே இவற்றின் காரணம். ஆனால் வீட்டுப் பார்வையின் உண்மையான மதிப்பு, மருத்துவமனைக்கு எக்காலத்திலும் தெரியவராத செய்திகள் அங்கே கண்ணில் படுவதில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, அடுப்புப் புகை எங்கே போகிறது, கர்ப்பிணிக்கு மிச்சம் மீதி சாப்பிடும் வழக்கமா, மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார் என்பதெல்லாம் புறநோயாளிச் சீட்டில் ஏறுவதில்லை.

இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாட்களுக்கு நாள்தோறும் ஒன்று என்று கொடுக்கிறோம். "மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்று கேட்டால், "சாப்பிடறேன்க்கா" என்ற பதில்தான் எப்போதும் வரும். அதனால் நான் மாணவியரிடம், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா, பார்க்கலாம்" என்று கேட்கச் சொல்வேன். அட்டை பிரிக்கப்படாமல் இருந்தால் கடிந்துகொள்ளாமல் காரணம் கேட்க வேண்டும். குமட்டல் வருகிறது என்பார், மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்துவிட்டேன் என்பார், குழந்தை பெரிதாகிப் பிரசவம் கடினமாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள் என்பார். குமட்டலுக்கு இரவு உணவுக்குப் பின் எடுக்கலாம் என்று சொல்லலாம். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு, கெடுதல் இல்லை என்று விளக்கலாம். டீயும் காபியும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும், நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர உதவும் என்று சொல்லலாம். மூன்றாவது அச்சத்தைப் போக்க அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசினால் போதாது, மாமியாரிடமும் பேச வேண்டும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரைப் பேச்சு எதுவும் போதாது. மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

தடுப்பூசி நாளில் கற்க வேண்டியவை வேறு வகையானவை. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சூடு கெடுக்கும் என்பதை நினைவில் வைப்பவர்கள், உறைவதும் கெடுக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து நோய்களுக்கான பென்டாவலன்ட் ஊசி ஒரு முறை உறைந்துபோனால், பிறகு உருகினாலும் பயன்படாது. ஆகவே ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடனே தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டிக்குள் வைக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்கும் வரை வெளியே வைத்திருக்க வேண்டும். கரைத்துப் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யையும் தட்டம்மை–ரூபெல்லாவையும் கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் மீதியை அகற்றிவிட வேண்டும். அவற்றில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் இல்லாததால், இந்த விதியை மீறினால் நலமாக வந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரலாம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்து, இன்று போட்டது எந்த ஊசி, அது எதைத் தடுக்கும், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது ஏன் என்று தாயிடம் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகமாகும்போது முதலில் கைவிடப்படுவது இந்தப் பேச்சுதான். மேலே சொன்ன பாட்டியின் பயம் பிறப்பது அங்கேதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயாளி உதவி தேடி நம்மிடம் வருகிறார்; நோய்த்தடுப்பில் நலமாக இருப்பவரிடம், அவர் கேட்காமலே நாம் போகிறோம். எனவே அவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதிலும் அவருடைய சம்மதத்தைப் பெறுவதிலும் நமக்குள்ள கடமை இன்னும் கூடுகிறது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு இலக்கு வைத்து மக்களைக் கட்டாயப்படுத்தியதன் விளைவாக, சுகாதாரப் பணியாளரைக் கண்டாலே கதவடைக்கும் நிலை உண்டானது. அந்த இலக்கு முறையை மத்திய அரசு 1996-இல்தான் கைவிட்டது. பதிவேடு பணிக்கான கருவியாக இருக்கும்வரை நல்லது. எண்ணிக்கையைக் காட்டி அதிகாரியிடம் தப்பிப்பதற்கான தாளாக அது மாறும்போது, அதில் எழுதப்படும் எண்ணும் பொய்யாகிறது, ஊருக்கும் செவிலியருக்கும் இடையிலான நம்பிக்கையும் கெடுகிறது. இன்று ஒரு கிராம சுகாதார செவிலியரின் நேரத்தில் பெரும்பகுதியை ஒரே செய்தியைப் பல பதிவேடுகளிலும் கணினியிலும் திரும்பத் திரும்ப ஏற்றுவது விழுங்குகிறது என்பதும் உண்மை. மகளின் சலிப்பில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. தடுப்பு என்ற பெயரில் செய்யப்படும் எல்லாமே பலன் தரும் என்று நினைப்பது சரியன்று. திண்டுக்கல்லில் பலன் தந்த அதே அசிட்டிக் அமிலப் பரிசோதனை, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-இல் வெளியான பெரிய ஆய்வில் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. அங்கே வைரஸைத் தேடும் ஒரே ஒரு பரிசோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடந்த மற்றோர் ஆய்வில் அசிட்டிக் அமிலப் பரிசோதனை மீண்டும் பலன் காட்டியது. கண்ணால் பார்த்து முடிவு செய்யும் முறை, பார்ப்பவரின் பயிற்சியையும் தொடர்ந்த மேற்பார்வையையும் பெரிதும் சார்ந்திருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. நிறுவப்பட்ட முடிவாக இதைச் சொல்லவில்லை.

டெங்கு காலத்தில் தெருத்தெருவாகப் புகை அடிப்பது மக்களுக்கு மனநிறைவைத் தருகிறது. அது அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். ஏடிஸ் கொசு வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கும். அதன் முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமலும் உயிரோடு இருக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆவதால், வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதே நம்பத் தகுந்த வழி. நிலவேம்புக் குடிநீர் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அரசே அதை வழங்கியிருக்கிறது, நான் யாரையும் குடிக்க வேண்டாம் என்று தடுத்ததில்லை. ஆனால் அது டெங்கு வராமல் காக்கும் என்று சொல்லும் அளவுக்குத் திண்டுக்கல் ஆய்வு போன்ற வலுவான சான்று அதற்கு இல்லை. குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் தொட்டியைக் கழுவாமல் விடுவதைத்தான் நான் கண்டிக்கிறேன். நோய் அறிகுறி எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் செய்யப்படும் முழு உடற்பரிசோதனையும் இந்த வரிசையில் வரும். மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அதே முடிவு நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ஏனென்றால் இங்கே இரத்த அழுத்தம் இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த கள ஆய்வில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது, அவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இந்த இடைவெளியை நிரப்ப வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டு போகிறது. மருத்துவமனைக்கு வராதவரைத் தேடிப் போகும் பழைய செவிலியக் கொள்கையையே அது தொற்றா நோய்களுக்கு விரித்திருக்கிறது. மாத்திரை வீடு வந்து சேர்வது அளக்க எளிதானது. பக்கவாதமும் மாரடைப்பும் அதனால் எவ்வளவு குறையும் என்பதைச் சொல்ல நீண்ட காலக் கணக்கு வேண்டும்.

பெரிய வெற்றிகளைப் பற்றிப் பேசும்போதும் இதே நிதானம் வேண்டும். பிறந்த குழந்தைகளைக் கொல்லும் டெட்டனஸ், இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2015-இல் உறுதி செய்யப்பட்டது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம், தொப்புள்கொடியில் சாம்பலோ சாணமோ வைக்காமல் காய விடுவது ஆகிய மூன்றும் நேரடியாகச் செவிலியர் கைகளால் நடந்தவை. இதில் எங்கள் பங்கைத் தயங்காமல் சொல்லலாம். தாய்மார் இறப்பு அப்படியன்று. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2010–12 காலத்தில் 90 ஆக இருந்த அது, 2018–20 காலத்தில் 54 ஆகக் குறைந்தது. சிக்கலான கர்ப்பத்தை ஊரில் முன்கூட்டியே கண்டறிந்த செவிலியருக்கு அதில் பங்கு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் நடக்கும் பிரசவங்கள், 108 வண்டி, இரத்த வங்கிகள், பெண் கல்வி, பிள்ளைப்பேறுகளின் எண்ணிக்கை குறைந்தது ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. இவற்றில் எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மகள் இந்தக் களப்பயிற்சியில் ஒரு வேலையைச் செய்து பார்க்கலாம். நர்ஸம்மாவின் அனுமதியோடு ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் பட்டியலை எடுத்து, தவணை தவறிய ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் அவரோடு போய், தாய் சொல்லும் காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்து அந்தக் காரணங்களைப் படித்தால், எவற்றைப் பேச்சால் தீர்க்கலாம், எவற்றை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தீர்க்கலாம், எவை செவிலியரின் கைக்கு எட்டாதவை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

வார்டில் கற்பதைக் குறைவாக மதிக்கவும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் ஊரில் அது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இருமும் குழந்தையின் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வார்டில் கற்றுக்கொடுப்பார்கள்: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். வார்டில் அந்த எண்ணிக்கையில் பிசகினால் திருத்த மூத்த செவிலியரும் மருத்துவரும் அருகில் இருப்பார்கள். ஊர்க்கோடியில் உள்ள வீட்டில் அந்தக் குழந்தையை இப்போதே அனுப்புவதா, நாளை வந்து பார்ப்பதா என்று அவர் ஒருவரே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.